கொச்சிக்கடைக் கூரைகள்: அஸ்பெஸ்டஸ் தகட்டைச் சட்டம் கண்ட இடங்களும் காணாத இடமும்

கொழும்பு 13இன் கூரைகளை மேலிருந்து பார்க்க, ஜம்பட்டா வீதிப் பக்கம் எழுந்திருக்கும் அடுக்குமாடிகளில் ஒன்றின் மொட்டைமாடியே போதும். மேற்கே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், தெற்கே புறக்கோட்டை, இரண்டுக்கும் நடுவே புனித அந்தோனியார் திருத்தலம். அடியில் கொச்சிக்கடையும் கொட்டாஞ்சேனையும் ஒரே கூரைப் பரப்பாக விரிந்து கிடக்கின்றன. ஓடு இன்னும் நிற்பது கோயில், பள்ளிக்கூடம், சில பழைய கடை வீடுகள் ஆகியவற்றின் மேல்தான். மற்ற இடமெல்லாம் கரும்பாசி பிடித்த சாம்பல் நிற நெளிதகடு. ஊர்ப் பேச்சில் அது 'சீட்', கடைப் பற்றுச்சீட்டில் அஸ்பெஸ்டஸ், பாடநூலில் கல்நார்.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கொழும்பின் வீடுகளைச் சட்டம் கண்காணித்து வருகிறது. ஆனால் இந்தத் தகட்டை அது துண்டு துண்டாகவே பார்த்திருக்கிறது. கட்டடச் சட்டம் வரைபடத்தில் பார்த்தது. தரச் சட்டம் தொழிற்சாலை வாசலில் பார்த்தது. வர்த்தகச் சட்டம் துறைமுகத்தில் பார்த்தது. கழிவுச் சட்டம் குப்பைமேட்டில் தேடியது. பழைய கூரை ஒன்று கழற்றப்பட்டு, ஏணி வழியாக ஒழுங்கைக்கு இறங்கும் அரைநாளை மட்டும் எந்தச் சட்டமும் தன் பொறுப்பாக எடுக்கவில்லை. இதைவிடச் சங்கடமான இன்னொரு உண்மையும் உண்டு. இத்தகட்டைப் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் நுரையீரலை முன்வைத்து எடுக்கப்பட்டவை அல்ல. வீட்டுப் பஞ்சமும் விலையும், கடைசியில் தேயிலையும்தான் அவற்றைத் தீர்மானித்தன. இந்த வளர்ச்சியைக் காலவரிசையில் தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொள்ளைநோய் தந்த சட்டம்

கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் கீழ் உருவாகி மறு ஆண்டில் இயங்கத் தொடங்கியது. துப்புரவு, வடிகால், தெரு என்று வேலைகள் பல இருந்தும், ஒருவர் தம் காணிக்குள் எப்படிக் கட்டுகிறார் என்பதில் சபைக்கு நெடுங்காலம் பெரிய பிடி இருக்கவில்லை. அந்தப் பிடியைக் கொண்டுவந்தது எலி.

1914இன் தொடக்கத்தில் கொழும்பில் கொள்ளைநோய் கண்டது. துறைமுகத்தில் இறங்கிய அரிசி மூட்டைகளோடும், அவற்றை அடுக்கிய கிட்டங்கிகளோடும், செட்டியார் தெருச் சுற்றாடலின் நெருக்கமான வீடுகளோடும் நோய் பிணைந்திருந்தது. மாநகரின் நுண்ணுயிரியலாளராக இருந்த ஃபேபியன் ஹேர்ஸ்ட் எலித் தெள்ளுகளை இனம் பிரித்து, எந்த இனம் நோயைப் பரப்புவதில் வல்லது என்று ஆராய்ந்தது இந்தக் காலத்தின் பயன். கொள்ளைநோய் பற்றிய உலக இலக்கியத்தில் கொழும்புக்கு ஓர் இடம் கிடைத்தது அவரால்தான்.

அடுத்த ஆண்டே 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் வந்தது. அனுமதி பெற்ற வரைபடமின்றிக் கட்டடம் எழுப்பக்கூடாது. எழுப்பிய கட்டடத்தில் இணக்கச் சான்றிதழ் இன்றிக் குடியேறக்கூடாது. மனிதர் வாழத் தகாதது என்று கண்ட வீட்டை மூடலாம். காணியில் எவ்வளவு திறந்த வெளி விடவேண்டும், தெருவின் எல்லைக்கோடு எங்கே என்பனவும் அதில் வகுக்கப்பட்டன. திருத்தங்களோடு இச்சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் இன்று ஒருவர் வீடு கட்ட வரைபடம் கொடுக்கும்போது 1914இன் எலிகளுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இச்சட்டத்தின் கவலை காற்று, வெளிச்சம், இடைவெளி. கூரை எதனால் ஆனது என்பதைவிட, அதன் கீழ் மூச்சுவிட இடமிருக்கிறதா என்பதே அதற்குப் பெரிது. வரைபடம் வரும்போதும் வேலை முடியும்போதும் ஆக இரண்டு தடவை அது வீட்டைப் பார்க்கும். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு, யாராவது இடித்து மாற்றிக் கட்டும்வரை அந்த வீடு கோப்பில் உறங்கும். இந்தப் பழக்கம் பின்னால் எதற்கு வழிவிட்டது என்பதைக் கூரையின் கதை காட்டுகிறது.

ஓடு இறங்கி சீட் ஏறியது

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொழும்பில் நல்ல வீடு என்றால் அரைவட்ட நாட்டோடு. ஏழை வீடு என்றால் கிடுகு. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின், ஒன்றோடொன்று கொளுவும் தட்டையான ஓடு மலையாளக் கரையிலிருந்து கப்பலில் வந்தது. இலங்கையில் அதை இன்றைக்கும் 'கலிகட் ஓடு' என்றுதான் சொல்கிறார்கள். காலப்போக்கில் வைக்கால் போன்ற களிமண் வளமுள்ள இடங்களில் அது இங்கேயே சுடப்பட்டது.

சீமெந்தையும் கல்நாரையும் நீரில் குழைத்து மெல்லிய படலங்களாக அடுக்கித் தகடாக்கும் முறைக்கு, ஆஸ்திரியாவைச் சேர்ந்த லூட்விக் ஹட்ஷெக் 1901இல் உரிமம் பெற்றார். ஐரோப்பாவின் தொழிற்சாலைக் கூரைகளில் தொடங்கிய அது, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இலங்கையில் உள்ளூர் உற்பத்தியாகவும் வேரூன்றிவிட்டது. கல்நார்ச் சுரங்கம் இந்நாட்டில் கிடையாது. நார் முழுவதும் கப்பலில்தான் வரும். அதாவது, கொச்சிக்கடை வீட்டுக் கூரையின் மூலப்பொருள் அந்த வீட்டுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள துறைமுகத்தில் இறங்கி, தொழிற்சாலைக்குப் போய், தகடாகித் திரும்பி வந்தது.

இவ்வளவு வேகமாக அது ஏன் பரவியது? மலிவு என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அது பாதி விடைதான். ஒரு சதுர மீற்றர் ஓட்டின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சீட்டின் நிறை. நிறை குறைந்தால் கைமரமும் சலாகையும் குறையும். கூரையின் செலவில் பெரும்பங்கு மரத்துக்குத்தான். ஓட்டுக்கு நல்ல சரிவு வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே ஏறும். சீட் கொஞ்சச் சரிவிலும் தண்ணீரை ஓட்டிவிடும். சரிவு குறைந்தால் முகடு தாழும். இரண்டு பேர்ச்சஸ் நிலத்தில் வீடு வைத்திருப்பவருக்கு, அந்த மிச்ச உயரத்தில் பிள்ளைகள் படுக்க ஒரு பலகைத்தட்டு அடித்துக்கொள்ளலாம். தகரத்தை ஏன் போடவில்லை என்று கேட்டால், கொச்சிக்கடையில் யாரும் கடலைத்தான் காட்டுவார்கள். உப்புக்காற்றில் நாகத்தகடு சில ஆண்டுகளில் துருவேறி ஓட்டையாகிவிடும்; வெயிலில் உள்ளே இருக்க முடியாது; மழையில் பேச முடியாது. சீட் துருப்பிடிக்காது, உக்காது, கறையானுக்குப் பயமில்லை. இப்படி ஒரு பொருளை விரும்பியவர்களை அறியாமைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. தங்களுக்குத் தெரிந்த கணக்கில் அவர்கள் சரியாகவே தேர்ந்தெடுத்தார்கள்.

அரசின் வீடமைப்புக் கொள்கையும் இதே திசையில்தான் தள்ளியது. 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டத்துக்குப் பிறகு, கொழும்பின் 'தோட்டங்கள்' எனப்படும் லயன் குடியிருப்புகள் பலவற்றின் உரிமை நிலை மாறியது. தன் வீடு என்ற எண்ணம் வந்ததும் மக்கள் கைக்காசைப் போட்டுத் திருத்தத் தொடங்கினார்கள், முதலில் கூரையை. 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை உருவானது. 1984இல், கொழும்பு மத்தியின் பிள்ளையான ரணசிங்க பிரேமதாச, பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தைத் தொடங்கினார். அரசு வீடு கட்டித் தருவதற்குப் பதிலாகச் சிறு கடன் கொடுக்கும், குடும்பமே தன் வீட்டைக் கட்டிக்கொள்ளும் என்பது அதன் அடிப்படை.

இத்திட்டத்தில் ஒழுங்குவிதிகளின் வரலாற்றுக்கு முக்கியமான ஓர் அத்தியாயம் உண்டு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டுத் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் சாதாரணக் காணித் துண்டுக்கு 150 சதுர மீற்றரைக் குறைந்தபட்சமாகக் கொண்டிருந்தன. குறைந்த வருமானக் குடியிருப்புகளைச் சிறப்புத் திட்டங்களாகக் கருதி அந்த அளவு 50 சதுர மீற்றருக்கு இறக்கப்பட்டது. வடகொழும்பின் நவகம்புர போன்ற இடங்களில் குடியிருப்பாளர்களும் அதிகாரிகளும் ஒன்றாக அமர்ந்து, பொதுச்சுவர் யாருடையது, யன்னல் எந்தப் பக்கம் திறக்கலாம், ஒழுங்கைக்கு எவ்வளவு விடுவது என்று தங்களுக்கான கட்டட விதிகளைத் தாங்களே வகுத்தார்கள். இலங்கையின் கட்டடச் சட்ட வரலாற்றில் இதைவிட நல்ல பக்கத்தை நான் கண்டதில்லை. ஆனால் அந்த விதிகளின் அக்கறையும் அளவும் எல்லையும்தான். கட்டும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி அந்த மேசைக்கு வரவில்லை.

குடிசன மதிப்பீடும் தன் பங்குக்கு ஒரு சான்று தந்தது. வீடுகளை வகைப்படுத்தும்போது ஓடு, கொங்கிறீற்று ஆகியவற்றோடு அஸ்பெஸ்டஸும் நிரந்தரக் கூரைப்பொருள் என்ற வரிசையில் நின்றது. கிடுகும் வைக்கோலும் மறு வரிசையில். கிடுகிலிருந்து சீட்டுக்கு மாறிய ஒவ்வொரு வீடும் புள்ளிவிபரத்தில் முன்னேற்றமாகப் பதிவானது. தீப்பிடிக்காத, ஒழுகாத கூரை கிடைத்த குடும்பத்தைப் பொறுத்தவரை அது முன்னேற்றமும்தான்.

முத்திரை, நீலநார், கிரைண்டர்

1964ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைக் கட்டளைகள் பணியகம் அமைந்தது. 1984இல் அது இலங்கைக் கட்டளைகள் நிறுவனமாக மறுவடிவம் பெற்றது. ஓட்டுக்கும் சீமெந்துக்கும் போலவே அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகட்டுக்கும் கட்டளை வகுக்கப்பட்டது. தகடு எவ்வளவு பாரம் தாங்க வேண்டும், தண்ணீர் ஊறலாமா, நெளியின் அளவு என்ன என்பனவற்றுக்கு அதில் விடை உண்டு. வாங்குபவர் ஏமாறக்கூடாது என்பது அதன் நோக்கம். அந்த அளவில் அது நன்றாக வேலை செய்தது. ஆனால் தகட்டில் குத்தியிருக்கும் எஸ்.எல்.எஸ். முத்திரையைக் கண்ட, கூரை போடும் பாஸுக்கும் வீட்டுக்காரருக்கும் அது 'அரசாங்கம் பார்த்துச் சரி சொன்ன சாமான்' என்றே பொருள்பட்டது. பலத்துக்குக் கொடுத்த சான்று பாதுகாப்புக்கான சான்றாக வாசிக்கப்பட்டது.

1987ஆம் ஆண்டு இரு வகையில் முக்கியமானது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் கல்நாரை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் முதலாம் தொகுதியில் வைத்தது அந்த ஆண்டு. இலங்கை நீலநாரைத் தடைசெய்ததும் அதே ஆண்டு. குரோசிடோலைட் எனப்படும் நீலநார், கல்நார் வகைகளில் மிகக் கொடியது. ஆனால் கூரைத்தகட்டில் பெரும்பாலும் பயன்பட்டது கிரைசோடைல் எனப்படும் வெள்ளைநார். அது தொடப்படவில்லை. முகவரகத்தின் முடிவோ எல்லா வகை நாரையும் அடக்கியது. 2012இல் வெளிவந்த அதன் தொகுதி அதையே மீண்டும் உறுதி செய்தது. பிரித்தானியா நீலத்தையும் பழுப்பையும் 1985இலும் வெள்ளையை 1999இலும் தடைசெய்தது. அவுஸ்திரேலியாவின் முழுத்தடை 2003 இறுதியில் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் 2005இன் முதல் நாள். இலங்கை, இந்தியாவைப் போலவே, 'கட்டுப்பாட்டுடன் பயன்படுத்தலாம்' என்ற வாதத்தோடு நின்றுகொண்டது.

அந்த வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால், நார் சீமெந்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது, கூரையில் சும்மா இருக்கும்வரை ஆபத்து அற்பம், தூசு எழும் இடம் தொழிற்சாலை, அங்கே தூசைக் கட்டுப்படுத்தினால் போதும் என்பதாகும். தொழிற்சாலைக்குச் சட்டமும் இருந்தது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் பின்வந்த அனுமதிப்பத்திர முறையும் உண்டு. எனவே காகிதத்தில் வாதம் குறையற்றது.

கொச்சிக்கடை ஒழுங்கையில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். எட்டடி சீட் வீட்டுக்கு நீளம் கூடிவிட்டது. பாஸ் அதை ஒழுங்கையில் இரண்டு சீமெந்துக் கல்லின் மேல் வைக்கிறார், கிரைண்டரைப் போடுகிறார். வெட்டுக்கோட்டிலிருந்து வெள்ளைப் புகை போல எழும்பி எதிர்வீட்டு வாசல்வரை போகிறது. அவர் முகத்தில் கட்டியிருப்பது சாரத்துண்டு. உதவிக்கு நிற்கும் பையனுக்கு அதுவும் இல்லை. வேலை முடிந்ததும் தும்புத்தடியால் கூட்டித் தள்ளுகிறார்கள். ஈரப்படுத்தாமல் கூட்டுவதால் அடங்கியிருந்தது மறுபடி எழும்புகிறது. பின்னேரம் அதே இடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். கைவாளால் வெட்டினாலோ, தண்ணீர் தெளித்து வெட்டினாலோ எழும் தூசு பெருமளவு குறைந்திருக்கும். இதைச் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை. தொழிற்சாலைச் சட்டம் தொழிற்சாலையின் மதிலோடு நின்றுவிடுகிறது. நாட்கூலிக்கு வந்த பாஸின் வேலைத்தலம் ஒரு ஒழுங்கை.

நோயும் உடனே வருவதில்லை. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய், நார் உள்ளே போன பிறகு வெளிப்பட இருபது முதல் நாற்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுக்கும். அதற்குள் பாஸ் எத்தனையோ கூரை போட்டிருப்பார், ஊர் மாறியிருப்பார். எந்தக் கூரை என்று எவராலும் சொல்ல முடியாது. எலியால் வந்த நோய் ஒரே ஆண்டில் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. கூரையால் வரும் நோய்க்கு அந்த வேகம் கிடைக்கவில்லை.

ஒரு வண்டு

ஆபத்தான இரசாயனங்களை ஏற்றுமதி செய்யுமுன் வாங்கும் நாட்டின் அறிவார்ந்த சம்மதத்தைப் பெறவேண்டும் என்கிறது ரொட்டர்டாம் உடன்படிக்கை. கல்நாரின் மற்ற ஐந்து வகைகளும் அதன் பட்டியலில் உண்டு. வெள்ளைநாரைச் சேர்க்கும் முயற்சி 2006 முதல் கூட்டத்துக்குக் கூட்டம் தோற்று வருகிறது. ஒருமித்த சம்மதம் வேண்டும் என்ற விதி இருப்பதால், ஏற்றுமதி செய்யும் ஒருசில நாடுகள் தலையசைக்காவிட்டால் போதும். ரஷ்யா அவற்றில் முதன்மையானது. இலங்கைக்கு நார் அனுப்பும் நாடுகளிலும் அதுவே முதன்மை.

ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் காலத்தில் அரசு ஒரு தெளிவான நிலைப்பாட்டுக்கு வந்தது. 2018 ஜனவரி 1 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவது, 2024க்குள் பாவனையை முற்றாக நிறுத்துவது. உற்பத்தியாளர்கள் மாற்று நாருக்கு மாறக் கால அவகாசமும் அதில் இருந்தது. முதல் தடவையாகச் சுகாதாரக் காரணம் ஒன்று கூரையின் கொள்கையை நடத்துவது போலத் தோன்றியது.

நாள் நெருங்கியபோது, 2017 டிசம்பர் நடுவில், இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் கப்ரா வண்டைக் கண்டதாக ரஷ்யாவின் தாவர, விலங்குச் சுகாதாரக் கண்காணிப்பு நிறுவனம் அறிவித்தது. தானியக் களஞ்சியங்களைத் தின்னும் வண்டு அது. டிசம்பர் 18 முதல் இலங்கையின் தேயிலைக்கும் ஏனைய விவசாயப் பொருட்களுக்கும் தற்காலிகத் தடை. இலங்கைத் தேயிலையின் மிகப்பெரிய கொள்வனவாளர்களில் ஒன்று ரஷ்யா. கொழும்பு ஏல வட்டாரம் கலங்கியது. சில நாட்களுக்குள் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டை ஒத்திவைக்க இலங்கை அரசு முடிவெடுத்தது. டிசம்பர் 30 அளவில் ரஷ்யா தேயிலைத் தடையை நீக்கியது.

வண்டுக்கும் நாருக்கும் தொடர்பிருப்பதாக மொஸ்கோ சொன்னதில்லை. திகதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்பவர் தம் முடிவுக்கு வரலாம். என் முடிவை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ரஷ்யாவைக் குற்றம் சொல்வதோடு விடயம் முடிந்துவிடாது. ஒரே நாட்டிடம் நாரை வாங்கி அதே நாட்டுக்குத் தேயிலையை விற்கும் சிறு நாட்டுக்கு, தடையை அறிவிக்குமுன் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். மாற்றுத்தகட்டின் உற்பத்தியும் விலையும் முன்பே நிலைப்பட்டிருந்தால், உள்நாட்டில் தடைக்கு நின்று தோள்கொடுக்க ஒரு தொழில்துறையாவது இருந்திருக்கும்.

மலையகத்துத் தமிழ்ப் பெண்களின் கையால் பறித்த கொழுந்து கொச்சிக்கடையின் கூரையைத் தீர்மானித்தது என்பதில் ஒரு கசப்பு இருக்கிறது. கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்யும் இளைஞர்களில் எத்தனையோ பேர் அந்தத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். கொழும்பில் அவர்கள் படுத்தெழும்பும் மேல்தட்டின் மேலேயும் அதே சீட்தான்.

2024 வந்து போனது. தகடு இன்னும் கடைகளில் விற்கப்படுகிறது.

எரியாது, உக்காது

தகடு கூரையை விட்டு இறங்கினால் கழிவாகிறது. அந்தக் கழிவு யாருடையது?

1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச்சட்டத்தின் 129 முதல் 131 வரையான பிரிவுகளின்படி, தெருக்குப்பையையும் வீட்டுக்குப்பையையும் அகற்றுவது சபையின் கடமை. சேகரித்த குப்பை சபையின் சொத்து. கொட்ட இடம் தேடுவதும் சபையின் பாடு. வடகொழும்பு மக்களுக்கு இந்தப் பிரிவுகளின் பொருள் நன்றாகத் தெரியும், ஏனென்றால் சபை தேடிய இடம் அவர்களுடையது. கொட்டாஞ்சேனைக்கு அருகே புளூமெண்டல் குப்பைமேடு 2009 வரை நகரின் குப்பையை ஏற்றது. நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் அது மூடப்பட, குப்பை மீதொட்டமுல்லவுக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் அந்த மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்து 32 பேர் இறந்தார்கள். அதன்பின் கெரவலப்பிட்டியும், ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புத்தளம் அருவக்காடும் பேசப்பட்டன. 2021இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் தொடங்கியது.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் உக்குவதையும் எரிவதையும் மனதில் வைத்தவை. உடைந்த சீட் உக்காது, எரியாது. வீட்டுக்குப்பை வண்டி கட்டட இடிபாட்டை ஏற்றாது. அதற்கு வேறு வண்டி, வேறு காசு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு காலியில், ஐரோப்பிய உதவியோடு, கட்டட இடிபாடுகளைப் பிரித்து நொறுக்கி மறுபயன்படுத்தும் கோவாம் என்ற திட்டம் நடந்தது. கொங்கிறீற்றையும் செங்கல்லையும் நொறுக்கலாம். சீட்டை நொறுக்குவது செய்யவே கூடாத வேலை. ஆக இடிபாட்டுக்கு வகுத்த வழியும் இதற்குப் பொருந்தாது.

ஆபத்தான கழிவுக்கென்று தனிச்சட்டம் இல்லாமல் இல்லை. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 பெப்ரவரி 1 அன்று வெளியான 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானி, அட்டவணைப்படுத்திய கழிவுகளை உண்டாக்க, சேகரிக்க, ஏற்றிச்செல்ல, களஞ்சியப்படுத்த, அகற்ற மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது. நல்ல விதி. ஆனால் அது தொழில் நிறுவனங்களை நோக்கி எழுதப்பட்டது. ஜிந்துப்பிட்டியில் பன்னிரண்டு சீட் கழற்றும் ஒரு குடும்பம் அனுமதிப்பத்திரம் எடுக்கப் பத்தரமுல்லைக்குப் போகும் என்று அதை எழுதியவர்களும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

நாடுகளுக்கிடையே கழிவு நகர்வதற்கோ கடுமையான விதி உண்டு. இலங்கை 1992இல் சேர்ந்த பாசல் உடன்படிக்கையின் முதலாம் இணைப்பில் கல்நார்த் தூசும் நாரும் ஒய் 36 என்ற குறியீட்டோடு இருக்கின்றன. அந்த உடன்படிக்கையின் வலிமையைக் கொச்சிக்கடைக்குப் பக்கத்துத் துறைமுகமே நிரூபித்தது. 2017 முதல் 2019 வரை பிரித்தானியாவிலிருந்து, பாவித்த மெத்தை, கம்பளம் என்ற பெயரில் வந்த கொள்கலன்களில் நாறும் கழிவு கண்டுபிடிக்கப்பட்டது. சுற்றாடல் அமைப்பொன்று வழக்குத் தொடர்ந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் திருப்பியனுப்பும்படி சொன்னது. மொத்தம் 263 கொள்கலன்களில் கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில் கப்பலேறியது. பிறர் வீட்டுக் கழிவைத் திருப்பியனுப்பச் சட்டம் கைகொடுத்தது. அதே துறைமுகத்தால் நார் மூட்டைகள் சட்டப்படி உள்ளே வந்துகொண்டிருந்தன. அவை கழிவு அல்ல, மூலப்பொருள். நாற்பது ஆண்டு கழித்துக் கழிவாகும்போது திருப்பியனுப்ப முகவரி இருக்காது.

வழி இல்லாத இடத்தில் மக்கள் தாங்களே வழி செய்துகொள்கிறார்கள். முழுதாக இறங்கிய சீட் விலைக்குப் போகும். பழைய சாமான் கடையில் அதற்கு எப்போதும் ஆள் உண்டு. அது இன்னொரு தோட்டத்தில் குசினிக்கு மறைப்பாகும், கக்கூசுக்குச் சுவராகும், கோழிக்கூட்டுக்குக் கூரையாகும். உடைந்தது ஒழுங்கையின் பள்ளத்தில் போய், மழைக்கும் முச்சக்கரவண்டிச் சில்லுக்கும் அரைபட்டுத் தூளாகும். வெயிலும் உப்புக்காற்றும் தின்ற பழைய தகட்டில் சீமெந்து கரைந்து நார் மேலே தலைகாட்டத் தொடங்கியிருக்கும் என்பதால், மறுவிற்பனைக்கு வரும் தகடு புதியதைவிட ஆபத்தானது. ஒன்றையும் வீணாக்காத வடகொழும்பின் சிக்கனம் இந்த ஒரு பொருளில் மட்டும் தீமையாக முடிகிறது.

கழற்றும் நாள்

2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை, கொழும்பின் தோட்டங்களில் வாழும் 68,000க்கு மேற்பட்ட குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றும் நகர மீளுருவாக்கத் திட்டத்தைத் தொடங்கியது. புதிய மாடிகளில் கொங்கிறீற்றுத் தளம். சீட்டுக்கு வேலை இல்லை. ஆனால் காலிசெய்த தோட்டம் ஒவ்வொன்றிலும் கூரைகள் மொத்தமாக இறங்கும். வீட்டுக்காரர்கள் தனித்தனியே கழற்றும்போது சட்டத்துக்குக் கண் தெரியவில்லை என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஒரே நாளில் நூறு கூரையை இறக்குவது அரசின் ஒப்பந்தக்காரர். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டத்தின்படி ஒப்பந்தக்காரர்களைப் பதிவு செய்யும் அதிகாரம் அரசிடமே இருக்கிறது. தகட்டை நனைத்து, உடைக்காமல், ஆணியை வெட்டி முழுதாக இறக்கு, தடித்த பொலித்தீனில் இரட்டையாகச் சுற்று, பெயரெழுதிக் குறித்த இடத்தில் புதை என்று ஒப்பந்தத்தில் நாலு வரி சேர்க்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பிரித்தானியாவில் சீமெந்துத் தகட்டுக்கு நடைமுறையில் இருப்பதும் ஏறத்தாழ இவ்வளவுதான்; விலையுயர்ந்த இயந்திரம் எதையும் அது கேட்பதில்லை. புதைக்கும் இடம்தான் வேண்டும். மேல்மாகாணம் இன்னும் ஒதுக்காதது அந்த இடத்தையே.

தனி வீடுகளுக்கு முதற்படி இதைவிடச் சிறியது. எந்த வீட்டில் எந்தக் கூரை என்பது அரசுக்குத் தெரியாத செய்தி அல்ல. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் ஒவ்வொரு குடிசன மதிப்பீட்டிலும் அதைக் கேட்டு எழுதுகிறது. மாநகர சபையும் சோலைவரிக்காக வீடு வீடாக மதிப்பிடுகிறது. மதிப்பீட்டுப் பதிவேட்டில் கூரைப்பொருளுக்கு ஒரு நிரல் சேர்த்தால், வரைபடம் திருத்தக் கேட்டு வரும் வீட்டுக்காரரிடம் 'பழைய சீட்டை என்ன செய்யப்போகிறீர்கள்?' என்று கேட்க ஓர் எழுதுவினைஞருக்கு ஆதாரம் கிடைக்கும். 1915ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கருமபீடத்தை நூறாண்டுக்கு மேலாக அங்கேயே வைத்திருக்கிறது. புளூமெண்டலில் குப்பை கொட்டிய காலத்திலும், தேயிலைக்குத் தடை விழுந்த அந்தப் பன்னிரண்டு நாளிலும் அது திறந்துதான் இருந்தது. கேள்விதான் படிவத்தில் இல்லை.